ஒப்பந்தத்தில் வேலையைத் தீர்மானிப்பது எந்த வரி?

கேள்வி இதுதான்: “தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் போட்டால் லட்சக்கணக்கில் வேலை வரும் என்கிறது ஆளுங்கட்சி. இருக்கிற வேலையும் போய்விடும் என்கிறது எதிர்க்கட்சி. ஆட்சி மாறினால் வசனமும் ஆள் மாறிவிடுகிறது. யார் சொல்வதை நம்புவது?”

அந்த லட்சக்கணக்கு எப்படிப் பிறக்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். 1994 ஜனவரி 1 அன்று அமலுக்கு வந்த நாஃப்டா, அதாவது அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூன்றுக்குமான ஒப்பந்தம், இதற்கு நல்ல உதாரணம். அதை ஆதரித்த பொருளியலாளர்கள் ஹஃப்பாவரும் ஷாட்டும் 1993-ல் அமெரிக்காவுக்கு நிகரமாக 1,70,000 வேலைகள் கூடும் என்றார்கள். தொழிற்சங்கங்கள் பக்கம் சாய்ந்த எகனாமிக் பாலிசி இன்ஸ்டிட்யூட், 2010 வரைக்கும் 6,82,900 வேலைகள் பறிபோயின என்று 2011-ல் கணக்குக் காட்டியது. இரண்டு தரப்பும் போட்டது ஒரே பெருக்கல்தான். மெக்சிகோவுடனான ஏற்றுமதி இறக்குமதி வித்தியாசத்தை எடுத்து, நூறு கோடி டாலருக்கு இத்தனை வேலை என்று பெருக்கினார்கள். முன்னவர்கள் உபரி வரும் என்று நினைத்ததால் கூட்டல் குறி வந்தது. 1994 டிசம்பரில் மெக்சிகோ நாணயமான பெசோவின் மதிப்பு சரிந்து உபரி பற்றாக்குறையாகிவிட்டதால், பின்னவர்களுக்குக் கழித்தல் குறி வந்தது. நாணய மதிப்பு செய்த வேலையையும் ஒப்பந்தத்தின் கணக்கிலேயே எழுதிவிட்டார்கள். எனவே மேடையில் ஒரு எண்ணைக் கேட்டால் அது எந்தப் பெருக்கலில் வந்தது என்று கேளுங்கள். பெரும்பாலும் இந்தப் பெருக்கலாகத்தான் இருக்கும்.

கட்சியை வைத்தும் முடிவுக்கு வர முடியாது. 1993 நவம்பரில் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் நாஃப்டா 234க்கு 200 என்று நிறைவேறியது. அதிபர் கிளிண்டனின் சொந்தக் கட்சியில் ஆதரித்தவர்கள் 102 பேர், எதிர்த்தவர்கள் 156 பேர். எதிர்க்கட்சிதான் மசோதாவைக் கரையேற்றியது.

வேலையைத் தீர்மானிக்கும் இடம் வேறு. மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும். ஒப்பந்த நாட்டுக்கான வரிக்கும் மற்ற நாடுகளுக்கான வரிக்கும் இடைவெளி எவ்வளவு? ஒரு பொருளை ‘அந்த நாட்டில் செய்தது’ என்று ஒப்புக்கொள்ள ஒப்பந்தம் வைத்திருக்கும் பிறப்பிட விதி என்ன? அந்தப் பொருளைச் செய்யும் சங்கிலியில் அதிக ஆள் தேவைப்படும் கட்டம் எது? இதை நம் கடலிலேயே நடந்த ஒன்றை வைத்துச் சொல்கிறேன்.

இந்தியா – இலங்கை தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் 1998 டிசம்பர் 28 அன்று கையெழுத்தாகி, 2000 மார்ச்சில் அமலுக்கு வந்தது. பிறப்பிட விதி எளிமையானது. பொருளின் ஏற்றுமதி விலையில் குறைந்தது 35 சதவீதம் இலங்கையில் கூட்டிய மதிப்பாக இருக்க வேண்டும். இந்தியாவிலிருந்து வாங்கிய மூலப்பொருள் கலந்திருந்தால், மொத்தம் 35-ஐ எட்டினால், இலங்கைப் பங்கு 25 சதவீதமாக இருந்தாலும் போதும். கூடவே, வெளியிலிருந்து வந்த மூலப்பொருளின் நான்கு இலக்க எச்.எஸ். எண்ணும் (சுங்கத்தில் ஒவ்வொரு வகைப் பொருளுக்கும் உள்ள உலகப் பொது எண்) செய்த பொருளின் எண்ணும் வேறாக இருக்க வேண்டும். 1999-ல் இந்தியாவுக்கு இலங்கையின் ஏற்றுமதி சுமார் 5 கோடி டாலர். 2005-ல் அது 55 கோடியைத் தாண்டியது. ஒப்பந்தத்தின் வெற்றி என்று இரு நாட்டிலும் கொண்டாடினார்கள். ஆனால் அந்த 2005 ஏற்றுமதியில் ஏறத்தாழ பாதி இரண்டே பொருள்கள்: வனஸ்பதியும் தாமிரமும்.

இலங்கையின் ஏற்றுமதித் தொழில் என்றால் தேயிலை, ரப்பர், தேங்காய், ஆடை. வனஸ்பதி எங்கிருந்து வந்தது? அப்போது இந்தியா கச்சா பாமாயிலுக்கு 80 சதவீதம் வரி வைத்திருந்தது, சுத்திகரித்ததற்கு 90. இலங்கையில் வரி மிகக் குறைவு. மலேசியா, இந்தோனேசியாவிலிருந்து பாமாயிலை இலங்கையில் இறக்கி, ஹைட்ரஜன் ஏற்றி வனஸ்பதியாக்கினால் 1511 என்ற எச்.எஸ். எண் 1516 ஆகிவிடும். எண் மாறிவிட்டது, ஒரு நிபந்தனை தீர்ந்தது. மிச்சம் 35 சதவீதம். இங்கேதான் சூட்சுமம். மதிப்புக்கூட்டல் என்பது ஏற்றுமதி விலையிலிருந்து வெளிநாட்டு மூலப்பொருள் விலையைக் கழித்தால் வருவது. கூலி, மின்சாரம் மட்டுமல்ல, லாபமும் அதில் அடக்கம். இந்தியாவில் 80 சதவீத வரியால் எண்ணெய் விலை வீங்கியிருந்தது. அந்த வீங்கிய விலைக்கு விற்கும்போது கிடைக்கும் கொழுத்த லாபமே ‘இலங்கையில் கூட்டிய மதிப்பு’ ஆகிவிடும். ஆலையில் ஒரு ஆளைக்கூடக் கூடுதலாக வைக்காமல் சதவீதம் ஏறும்.

ஆலைகளை அமைத்தவர்களில் இந்திய முதலீட்டாளர்களே முக்கியமானவர்கள். இங்கே வட இந்திய வனஸ்பதி ஆலைகள் கூப்பாடு போட்டன. 2006-ல் இந்தியா ஆண்டுக்கு 2,50,000 டன் என்று உச்சவரம்பு வைத்தது. பிறகு உள்நாட்டு விலைவாசிக்காகப் பாமாயில் வரியைப் படிப்படியாகக் குறைத்து, 2008 ஏப்ரலில் கச்சா பாமாயிலுக்கு அதைப் பூஜ்யமாக்கியது. அந்த நாளோடு கதை முடிந்தது. இலங்கை ஆலைகள் மூடின. ஒப்பந்தத்தில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. மாறியது ஒப்பந்தத்தில் இல்லாத மூன்றாம் நாட்டுக்கான வரி. வரி இடைவெளியில் முளைக்கும் வேலையின் ஆயுள் அந்த இடைவெளியின் ஆயுள்தான்.

தாமிரம் இதே கதையின் இன்னொரு வடிவம். பழைய தாமிரக் கழிவை இறக்கி, உருக்கி, கட்டியாக்கி இந்தியாவுக்கு அனுப்பினார்கள். தகராறு கழிவின் விலையில் வந்தது. புரிவதற்காக ஒரு கணக்கு: ஏற்றுமதி விலை 100 ரூபாய், கழிவின் உண்மை விலை 70 என்றால் மதிப்புக்கூட்டல் 30 சதவீதம். தேறாது. அதே கழிவை 64 ரூபாய்க்கு வாங்கியதாக பில் காட்டினால் 36 சதவீதம். தேறிவிடும். ஆறு ரூபாய் பொய்யில் முழு வரிவிலக்கும் கைக்கு வரும். சதவீதத்தை வைத்து எழுதிய எல்லாப் பிறப்பிட விதியிலும் இந்த ஓட்டை உண்டு. ‘இன்ன வேலை இங்கே நடந்திருக்க வேண்டும்’ என்று செயல்முறையை வைத்து எழுதிய விதியை ஏமாற்றுவது கடினம், ஆனால் நேர்மையான சிறு ஏற்றுமதியாளருக்கும் அது பாரம்.

இலங்கையில் உண்மையாகவே லட்சக்கணக்கானோருக்கு, அதுவும் பெண்களுக்கு, வேலை தரும் ஆடைத் தொழிலுக்கு அதே ஒப்பந்தம் என்ன கொடுத்தது என்று பாருங்கள். ஆண்டுக்கு 80 லட்சம் உருப்படிக்கு மட்டும் சலுகை. அதில் 60 லட்சம் உருப்படிகள் இந்தியத் துணியில் தைத்ததாக இருக்க வேண்டும். குறிப்பிட்ட துறைமுகங்கள் வழியாகத்தான் வரலாம். இலங்கை ஆலைகள் அமெரிக்க, ஐரோப்பிய பிராண்டுகளுக்கு அவர்கள் சொல்லும் துணியில் தைப்பவை. இந்தியச் சந்தைக்கென்று தனியாக இந்தியத் துணி வாங்கித் தனி லைன் ஓட்டுவது கட்டுப்படியாகவில்லை. தேயிலைக்கும் 1.5 கோடி கிலோ என்று ஒதுக்கினார்கள். இரண்டு ஒதுக்கீடும் தொடக்க ஆண்டுகளில் நிரம்பவே இல்லை. பின்னாளில் ஆடைக்கான நிபந்தனைகளைத் தளர்த்தினார்கள். ஆள் அதிகம் தேவைப்படும் பொருளுக்குக் கதவு ஒருக்களித்துத் திறந்தது, ஆள் குறைவாகத் தேவைப்படும் பொருளுக்கு விரியத் திறந்தது.

மிளகு இந்தக் கதையில் நம் பக்கம் அடிபட்ட பொருள். தென்கிழக்கு ஆசிய நாடுகளுடனான ஆசியான் ஒப்பந்தத்தில் வியட்நாம் மிளகுக்கான வரி 70 சதவீதத்திலிருந்து படிப்படியாக 50-ஐ ஒட்டித்தான் இறங்கியது. இலங்கை மிளகுக்கோ ஆண்டுக்கு 2,500 டன் வரை வரியே இல்லை, அதற்கு மேல் போனால் தெற்காசிய நாடுகளுக்கான சாஃப்டா ஒப்பந்தத்தின்படி 8 சதவீதம். எட்டுக்கும் ஐம்பதுக்கும் நடுவே இவ்வளவு பெரிய பள்ளம் இருந்தால் தண்ணீர் அங்கே பாயாமல் என்ன செய்யும்? வியட்நாம் மிளகு இலங்கைச் சான்றிதழோடு வருகிறது என்று குடகு, வயநாடு, இடுக்கி விவசாயிகள் புகார் செய்தார்கள். கொல்லிமலை, ஏற்காடு விவசாயிக்கும் விலை இந்தச் சந்தையில்தான் தீர்மானமாகிறது. 2017 டிசம்பரில் இந்தியா கிலோவுக்கு 500 ரூபாய் என்று குறைந்தபட்ச இறக்குமதி விலை வைத்தது. சந்தை விலை அதற்குக் கீழே இருக்கும்வரை அந்தத் தடுப்பு வேலை செய்யும். ஆனால் பில்லில் 500 என்று எழுதிவிட்டு மிச்சத்தை வேறு வழியில் திருப்பிக்கொள்ளும் வாய்ப்பையும் அதுவே உண்டாக்கும். தாமிரத்தில் பில்லைக் குறைத்துக் காட்டினார்கள் என்றால் இங்கே கூட்டிக் காட்டும் ஆசை.

இப்போது திருப்பூருக்கு வருகிறேன். இந்த விவகாரத்தில் தமிழ்நாட்டில் மிக அதிகம் குழப்பிப் பேசப்படுவது இதுதான்.

2011 நவம்பரில் இந்தியா, சாஃப்டாவின் கீழ் தெற்காசியாவின் மிகவும் பின்தங்கிய நாடுகளுக்கு மது, புகையிலை முதலிய 25 பொருள்கள் தவிர எல்லாவற்றுக்கும் வரியை நீக்கியது. பங்களாதேஷ் ஆடைக்கு வரி பூஜ்யம். துணியை எங்கிருந்து வாங்கினாலும், அங்கே வெட்டித் தைத்து மதிப்புக்கூட்டலை எட்டினால் போதும். அதனால் சீனத் துணி டாக்காவில் சட்டையாகி வரியில்லாமல் இங்கே வரலாம். அதே சீனப் பின்னல் துணியைத் திருப்பூர்க்காரர் நேரே இறக்கினால் 20 சதவீதம். 2025 பட்ஜெட்டுக்குப் பிறகு சில வகைகளுக்கு 20 சதவீதம் அல்லது கிலோவுக்கு 115 ரூபாய், இரண்டில் எது அதிகமோ அது. மூலப்பொருளுக்கு வரி, செய்த பொருளுக்கு விலக்கு. இப்படித் தலைகீழாக நிற்கும் வரி அடுக்குதான் வேலையை எல்லைக்கு அப்பால் தள்ளுகிறது. ஒப்பந்தம் தனியாக நின்று தள்ளுவதைவிட, ஒப்பந்தமும் உள்நாட்டு வரியும் சேர்ந்துதான் தள்ளுகின்றன.

ஆனால் பங்களாதேஷ் ஆடை வரத்து இங்கே பெரிதாக உணரப்பட்டது 2017 ஜூலைக்குப் பிறகு. அதற்கு முன் சுங்க வரி பூஜ்யமாக இருந்தாலும், உள்நாட்டுக் கலால் வரிக்கு இணையான ஈடுசெய் வரி இறக்குமதி ஆடைக்கு இருந்தது. ஜிஎஸ்டி வந்ததும் அது போய், ஐஜிஎஸ்டி என்ற ஒருங்கிணைந்த ஜிஎஸ்டி ஆனது. ஐஜிஎஸ்டியை இறக்குமதியாளர் உள்ளீட்டு வரவாக எடுத்து, தான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். அதுவரை இருந்த சுவர் சத்தமில்லாமல் இடிந்தது. 2018 ஆகஸ்டில் நூற்றுக்கணக்கான ஜவுளிப் பொருள்களுக்கு அடிப்படை வரியை 10-லிருந்து 20 சதவீதமாக உயர்த்தினார்கள். ஆனால் விலக்கு பெற்ற நாட்டுக்கு இருபதும் பூஜ்யம்தானே. ‘ஒப்பந்தம் வேலையைத் தின்றது’ என்று பேசுபவர்கள் இந்த ஆறு வருட இடைவெளிக்கு விளக்கம் சொல்ல வேண்டும்.

மறுபக்கமும் உண்டு. இந்தியப் பருத்தி நூலை அதிகம் வாங்கும் நாடு பங்களாதேஷ். அங்கே தையல் பெருகினால் கோவை, திண்டுக்கல் வட்டார நூற்பாலைக்கு ஆர்டர். திருப்பூரில் கூலிக்குத் தைக்கும் பவர்டேபிள் கூடத்துக்கு நஷ்டம். 2022 மே மாதம் நூல் விலையை எதிர்த்துத் திருப்பூர் வேலைநிறுத்தம் செய்தபோது, அது கொங்கு மண்டலத்துக்குள்ளேயே நடந்த வர்த்தகக் கொள்கைச் சண்டை. ‘ஜவுளித் துறைக்கு நல்லது’ என்று யாராவது சொன்னால் எந்தக் கட்டத்துக்கு என்று கேட்க வேண்டும். ஒரு டன் நூலை நூற்க ஆகும் ஆட்களைவிட, அந்த நூலைப் பின்னி, சாயமேற்றி, வெட்டி, ஓவர்லாக்கிலும் பிளாட்லாக்கிலும் தைத்து, செக்கிங் முடித்துப் பெட்டியில் அடைக்க ஆகும் ஆட்கள் பல மடங்கு. 2025 ஏப்ரலில் பங்களாதேஷ் தரைவழியாக இந்திய நூல் வருவதை நிறுத்தியது. மே 17 அன்று இந்தியா, அங்கிருந்து வரும் ஆயத்த ஆடை மும்பை அருகே உள்ள நவா சேவா, கொல்கத்தா துறைமுகங்கள் வழியாக மட்டுமே வரலாம் என்றது. சாஃப்டா அப்படியே இருக்க, ஒரு துறைமுக உத்தரவு வரத்தின் செலவையும் நாள்களையும் கூட்டிவிட்டது.

ரப்பரில் இதே சண்டை ரப்பர் விளையும் கன்னியாகுமரிக்கும் டயர் ஆலை உள்ள ஒரகடத்துக்கும். ஆசியான் ஒப்பந்தத்தில் இயற்கை ரப்பர் விலக்குப் பட்டியலில் இருக்கிறது. வரி 25 சதவீதம் அல்லது கிலோவுக்கு 30 ரூபாய், எது குறைவோ அது. பால் வெட்டும் தொழிலாளிக்குப் பாதுகாப்பு, டயர் ஆலைக்குச் செலவு. ஆனால் ரப்பரில் கார்பனும் ரசாயனமும் கலந்தால் அது 4005 என்ற எண்ணில் ‘கலவை ரப்பர்’ ஆகிவிடும். அந்த எண் விலக்குப் பட்டியலின் பாதுகாப்புக்கு வெளியே. 2023 பட்ஜெட்டில் கலவை ரப்பரின் பொது வரியை இயற்கை ரப்பருக்கு இணையாக உயர்த்தினார்கள். ஒப்பந்த நாட்டுச் சலுகையை அந்த உயர்வு தொடாது. விலக்குப் பட்டியலில் பொருளின் பெயரைத் தேடி நிம்மதி அடையாதீர்கள். அதற்கு அடுத்த எச்.எஸ். எண்ணைப் பாருங்கள்.

அரசியல் ஏன் இப்படிப் புரளுகிறது என்பதற்கு வருகிறேன். 2009-ல் மத்தியில் காங்கிரஸ் ஆசியான் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. கேரளத்தில் இடதுசாரிகள் அக்டோபர் 2 அன்று காசர்கோட்டிலிருந்து திருவனந்தபுரம் வரை மனிதச் சங்கிலி நடத்தினார்கள். அதே காங்கிரஸ் ஆட்சியில் 2012-ல் தொடங்கிய ஆர்செப் (சீனாவும் சேர்ந்த ஆசிய-பசிபிக் நாடுகளின் வர்த்தக ஒப்பந்தம்) பேச்சுவார்த்தையை 2019-ல் காங்கிரஸே எதிர்த்தது. கூடவே எதிர்த்தவை இடதுசாரி விவசாய சங்கங்களும், ஆர்எஸ்எஸ் சார்ந்த சுதேசி ஜாக்ரண் மஞ்சும், பால் கூட்டுறவுகளும். 2019 நவம்பர் 4 அன்று பாங்காக்கில் பிரதமர் விலகலை அறிவித்தபோது இரு முகாமும் அதைத் தங்கள் வெற்றி என்றன. இதைச் சந்தர்ப்பவாதம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. ஒப்பந்தத்தால் வேலை இழக்கப்போகிறவர் இன்று ஒரு ஊரில், ஒரு சங்கத்தில், வாக்காளர் பட்டியலில் இருக்கிறார். வேலை பெறப்போகிறவர் இன்னும் அந்த வேலையில் சேரவே இல்லை. அவருக்குச் சங்கம் இல்லை, ஊர்வலம் போகத் தெரியாது. அதனால் எதிர்க்கட்சியில் இருப்பவருக்கு இழப்பவர் பக்கம் பேசுவது இயல்பாகிறது.

இலங்கையில் பயம் வேறு திசையில் இருந்தது. சரக்கை மட்டும் தொட்ட 1998 ஒப்பந்தத்தை, சேவையும் முதலீடும் சேர்த்து விரிக்கும் முயற்சி 2008-ல் கையெழுத்துக்குத் தயாராகி, அங்குள்ள தொழிலதிபர்களின் எதிர்ப்பால் நின்றது. 2016-ல் அது எட்கா என்ற பெயரில் மீண்டும் வந்தபோது அரச மருத்துவ அதிகாரிகள் சங்கம் முன்னின்று எதிர்த்தது: இந்திய மருத்துவர்களும் கணினிக்காரர்களும் வந்து குவிவார்கள் என்று. இப்படி ஒரு பயத்தைச் சோதிக்க சரக்கு வரிப் பட்டியல் உதவாது. சேவை அத்தியாயத்தில் ‘ஆட்கள் நேரில் வந்து சேவை தருவது’ என்ற நான்காம் முறைக்கு எந்தத் தொழிலைப் பட்டியலிட்டிருக்கிறார்கள், உள்ளூர்த் தொழில் மன்றத்தின் பதிவு கட்டாயமா என்பதைப் பார்க்க வேண்டும். பதிவு கட்டாயமாக இருந்தால் கதவின் சாவி மருத்துவ மன்றத்திடமே இருக்கும். இதற்கிடையே, இலங்கையின் பிராண்டிக்ஸ் நிறுவனம் விசாகப்பட்டினம் அருகே அச்சுதாபுரத்தில் ஆயிரம் ஏக்கரில் ஆடை நகரம் அமைத்து ஆந்திரப் பெண்களுக்கு வேலை கொடுத்தது. அதற்கு எட்கா தேவைப்படவில்லை.

காகிதத்தில் உள்ள விதியைச் சுங்கத்தில் யார் சோதிக்கிறார்கள் என்பது அடுத்தது. 2020 செப்டம்பர் 21 வரை, அந்த நாட்டு அதிகாரி கொடுத்த பிறப்பிடச் சான்றிதழைக் காட்டினாலே பெரும்பாலும் சலுகை கிடைத்துவிடும். அன்று அமலுக்கு வந்த கரோட்டார் என்ற இந்தியச் சுங்க விதிகள் பொறுப்பை இறக்குமதியாளர் தலையில் வைத்தன. உற்பத்தி முறை, மூலப்பொருள், மதிப்புக்கூட்டல் கணக்கு ஆகிய விவரங்களைப் படிவம் 1-ல் அவர் வைத்திருக்க வேண்டும், ஐந்து ஆண்டு பாதுகாக்க வேண்டும், அதிகாரி கேட்டால் பத்து வேலை நாளில் கொடுக்க வேண்டும். சந்தேகம் தீராவிட்டால் சான்றிதழ் கொடுத்த நாட்டுக்கே எழுதிக் கேட்கலாம். நடைமுறையில் இடிக்கும் இடம் ஒன்று உண்டு. டாக்காவிலோ ஹோ சி மின் நகரிலோ உள்ள விற்பனையாளர் தன் அடக்கவிலையை வாங்குபவரிடம் சொல்ல விரும்புவதில்லை. பெரிய நிறுவனம் கொள்முதல் ஒப்பந்தத்திலேயே அதற்கு ஷரத்து போட்டுவிடும். சிறு இறக்குமதியாளர் சலுகையே வேண்டாம் என்று முழு வரி கட்டுவார்.

கடைசியாக, வேலை போனதை எப்படி அளப்பது? அமெரிக்காவில் இறக்குமதியால் வேலை இழந்தவருக்கு உதவித்தொகையும் மறுபயிற்சியும் தரும் திட்டம் 1962 முதல் இருந்தது. தொழிலாளர்கள் மனு போடுவார்கள், தொழிலாளர் துறை விசாரித்துச் சான்றளிக்கும். அதனால் எந்த ஊரில் எந்த ஆலையில் எத்தனை பேர் என்ற பதிவு மிஞ்சியது. 2022 ஜூலையோடு புதிய மனுக்களுக்குச் சான்றளிப்பது நின்றுவிட்டது. நம்மிடம் அப்படி ஒரு மனு போடும் ஜன்னலே இல்லை. போதாக்குறைக்கு, பீஸ் ரேட்டில் தைக்கும் பவர்டேபிள்காரருக்கு யாரும் ‘வேலை நீக்கம்’ கடிதம் கொடுப்பதில்லை. வாரம் ஆறு நாள் இருந்த வேலை நான்கு நாளாகும், ஓவர்டைம் நிற்கும், ஊருக்குப் போனவரைக் காண்ட்ராக்டர் திரும்பக் கூப்பிட மாட்டார். வேலையின்மைப் புள்ளிவிவரத்தில் அவர் வேலையில் இருப்பவர்தான். பிஎஃப் பிடிக்கும் கம்பெனிகள் மாதாமாதம் ஏற்றும் இசிஆர் என்ற சந்தாக் கணக்குக் கோப்பில், ஊதியமில்லாமல் போன நாள்களுக்கு ‘என்சிபி நாள்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. இஎஸ்ஐ கணக்கிலும் ஒவ்வொருவரும் வேலை செய்த நாள் பதிவாகிறது. திருப்பூர் மாவட்டத்தின் அந்தக் கட்டத்தையும், சுங்க எண் பட்டியலில் ஆடைகளுக்கான 61, 62-ஆம் அத்தியாய இறக்குமதிப் பதிவையும் மாத வாரியாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், லட்சக்கணக்கு பேசும் இரு தரப்பையும்விட உருப்படியான பதில் கிடைக்கும். பிஎஃப்பே இல்லாத ஜாப் ஒர்க் கூடங்கள் அதிலும் வராது.